தெற்குச் சுவரில் ஒரு கண்ணாடி

பதினொரு மணி என்று மேலதிகாரி மதியழகன் சொன்னால் பதினொன்றரை என்று அர்த்தம், ஓட்டல்காரர் ரெஜினால்ட் பதினொன்று என்றால் பத்து ஐம்பத்தைந்துக்கே வாசலில் நிற்பார், இப்போது மணி பத்து இருபது, ஆக முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது, கண்ணாடியை மாற்றப் பத்து நிமிடம் போதும், சிமென்ட் இறுக இன்னும் கொஞ்ச நேரம், இந்த ஈரக்காற்றில் இறுகாது, இறுகாவிட்டால்தான் என்ன, யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று குணசுந்தரியின் மனசு தன்பாட்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மனசுதான் போட்டது, அவள் போடவில்லை. இன்றைக்குக் கண்ணாடியை மாற்றப்போவதில்லை என்று அவள் காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டாள். அப்படி முடிவு செய்தவளின் கைப்பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய புதுக் கண்ணாடிப் பட்டை ஒன்றும், டப்பாவில் ஒரு பிடி சிமென்ட்டும், கறுப்புப் பெயின்ட்டும், மெல்லிய பிரஷ்ஷும் என்ன செய்கின்றன என்று அவளைக் கேட்கக் கூடாது. கை எடுத்து வைத்துவிட்டது. நவம்பரில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் அந்தக் கை யாரையும் கேட்காமல் போட்டோ ஃபிரேம் கடைக்குப் போய், ஆறு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் வெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடும். கடைக்காரர் என்ன படத்துக்கு மேடம் என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

கூடம் காலியாகக் கிடந்தது. சேந்தம்பட்டினத்தில் மஞ்சக் கச்சேரி என்றால் பஸ்காரர்கூட நிறுத்தி இறக்கிவிடுவார்; நூற்றைம்பது வருஷமாகக் கோர்ட், தாலுகா ஆபீஸ், கருவூலம், சர்வே ஆபீஸ் என்று அரசாங்கத்தின் ஏதோ ஒரு கிளை இதற்குள் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த கட்டடம். இப்போது எல்லா ஆபீசும் பைபாஸ் பக்கம் புது வளாகத்துக்குப் போயாகிவிட்டது. கட்டடத்தை அறுபது வருஷக் குத்தகைக்கு ஓட்டல் கம்பெனி எடுத்திருக்கிறது. முன்பக்கம் கடலைப் பார்த்து ஓட்டல், பின்பக்கம் இருபத்து நான்கு சொகுசு வீடுகள். பதினாலு வருஷமாக இந்தக் கட்டடத்தைப் பராமரித்த பொதுப்பணித் துறை உதவிச் செயற்பொறியாளர் என்ற முறையில் குணசுந்தரி இன்றைக்கு ஒப்படைப்புப் பத்திரங்களில் கையெழுத்துப் போட வேண்டும். வரும் முப்பதாம் தேதி அவளுக்கு ஓய்வு. இன்றைக்குத் தேதி இருபத்தைந்து. மிச்சமிருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு இரும்பு மேஜை, மேஜை மேல் ஒரு பழுப்பு ரெஜிஸ்டர், எதிரே தெற்குச் சுவர். சுவரைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவுடனேயே பார்த்தாயிற்று, இன்னொரு தடவை எதற்கு.

உடைந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் உடைகிற அதே இடத்தில், நடுவில் சற்று மேலே, நகத்தால் கீறியது போல ஒரு கோடு. சுவரில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து இரண்டு முனையையும் சிமென்ட்டால் ஒட்டித் தேதி எழுதிவைப்பது அவர்கள் பிரிவில் வழக்கம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் முழுதாக இருக்கும். அவ்வளவுதான், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் ஒட்டிய முதல் கண்ணாடி அந்த நவம்பரிலேயே உடைந்தபோது, ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரிக்கு அது புரியவில்லை. அவர் கண்ணுக்கு அது ஜன்னல் கண்ணாடி மாதிரி, பல்பு மாதிரி பட்டிருக்கிறது. உடைந்த கண்ணாடியைக் கூட மாற்றாமல் என்ன பராமரிப்பு நடக்கிறது, உடனே மாற்றி அறிக்கை அனுப்பவும் என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எதிர்த்துச் சொல்ல யாருக்குத் தைரியம்? மாற்றினார்கள், மாற்றப்பட்டது என்று அறிக்கை அனுப்பினார்கள், அதிலிருந்து வருஷா வருஷம் ஆய்வுக்கு ஒரு வாரம் முன்னால் பெயின்ட் அடிப்பது, பூந்தொட்டி வாங்குவது, கண்ணாடி மாற்றுவது என்று ஆகிவிட்டது. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. புதுக் கண்ணாடியில் புதுத் தேதி போட்டால் ரெஜிஸ்டரில் இருக்கிற தேதியோடு ஒத்துவராதே, அப்புறம் அதற்கு ஒரு விளக்கம் கேட்பார்களே என்று, பழைய தேதியையே போட்டார்கள். 12.8.98. இருபத்தாறு வருஷமாக அந்தச் சுவரில் அதே தேதி. ரெஜிஸ்டரில் ஒவ்வொரு வருஷமும் கண்ணாடியின் நிலை என்ற கட்டத்தில், முழுதாக உள்ளது.

பாக்கியநாதன்தான் அதை ஆரம்பித்தவர். ஒர்க் இன்ஸ்பெக்டர், காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப், குடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், சிமென்ட் மூட்டையில் கை வைக்க மாட்டார். அவரைப் போல நேர்மையான ஆளை அந்தப் பிரிவில் அவள் பார்த்ததில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாசம் முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து இதே சுவருக்கு முன்னால் நிறுத்தி, "பெரியவர் எழுத்துல குடுத்த உத்தரவும்மா. நான் இருக்கிற வரைக்கும் ஒரு வருஷம் தவறவிட்டதில்ல. இனிமே நீங்க பாத்துக்குங்க" என்று ஒப்படைத்தார், கோயில் சாவியை ஒப்படைக்கிற தோரணையில். அவள் படித்தவள், பொறியாளர், அவர் படிக்காதவர். அவள் அன்றைக்கே, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். என்ன கேட்டாள் தெரியுமா? இந்த எட்டை எப்படி இவ்வளவு நெளிவாப் போடறீங்க என்று கேட்டாள். அவர் எட்டை மேலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்குவார், ஒரு சுற்றுக் கீழே, ஒரு சுற்று மேலே. சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய் மகளின் பழைய நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அவள் எட்டாகப் போட்டுப் பழகினாள். இப்போது கேஸ் புக்கில், ரயில் டிக்கெட் பாரத்தில், எங்கே எட்டு வந்தாலும் அது பாக்கியநாதன் எட்டுதான். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டால் மறுக்க ஆள் இல்லை. சீ, அதைச் செய்யக் கூடாது. அவர் அறியாமல் செய்தார், நீ அறிந்து செய்தாய் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள், கூடம் காலியாக இருந்ததால் அது கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

ஓட்டல் வருவது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கச்சேரி போகிறதே என்று ஊரில் சிலர் மூக்கைச் சிந்தினார்கள். சிந்தியவர்களில் ஒருவராவது இந்தக் கட்டடத்தின் பெண்கள் கழிப்பறைக்குப் போயிருப்பார்களா? பதினாலு வருஷம் அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே போனால் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், சர்வே ஆபீஸ் டைப்பிஸ்ட் கந்த சஷ்டி பாடுவாள், குணசுந்தரிக்குப் பாட்டு வராது, இருமுவாள். தாழ்ப்பாளுக்கு அனுமதி கேட்டு ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறாள். அந்த இடத்தில் இப்போது எண்ணெய் மசாஜ் அறை வரப்போகிறதாம், கைதிகளை அடைத்த அறையில் ஒயின் பாட்டில்களாம், பத்திர அறையில் பாராம். வரட்டும். ஒழுகாத கூரையும் ஓடாத எலியும் இந்தக் கட்டடத்துக்கும் ஒரு தடவை கிடைக்கட்டும். ரெஜினால்டின் ஆட்கள் ஒரு மரக்கதவைக் கழற்றி, இருபத்திரண்டு கோட்டு பெயின்ட்டைச் சுரண்டி, அடியில் தேக்கைக் கண்டுபிடித்துக் குழந்தை மாதிரி துள்ளியபோது அவளுக்கும் கண் கலங்கியது. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அதுதான் தொல்லை. ஏமாற்றுக்காரர்களாக இருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பிஸ்கட். அங்கேதான் வந்து நிற்கிறது, எங்கே சுற்றினாலும். ஆகஸ்டில் நடந்த கூட்டம், ஏசி அறை, ஒரு தட்டில் முந்திரி, ஒரு தட்டில் கிரீம் பிஸ்கட். ரெஜினால்ட் எழுந்து, "மேடம், உங்க ரெஜிஸ்டரை எங்க கன்சல்டன்ட் பாத்து அசந்துட்டார். இருபத்தாறு வருஷமா ஒரே கண்ணாடி! நாங்களும் ஜனவரியிலேர்ந்து ஜூன் வரைக்கும் மெஷின் வச்சுப் பாத்தோம், சுவர் அசையல. அதனால தெற்குப் பக்கம் அடித்தளத்தைப் பலப்படுத்துற வேலையைத் திட்டத்துலேர்ந்து எடுத்துட்டோம்" என்றார். ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் இந்தச் சுவர் உத்தமன். அதன் குணம் தெரிய வேண்டுமென்றால் ஐப்பசி கார்த்திகையில் வர வேண்டும். அடியில் வெள்ளைக்காரன் காலத்தில் மண்ணடித்து மூடிய குட்டை இருக்கிறது, மழைத் தண்ணீர் இறங்கி மண் இளகியதும் சுவர் ஒரு மயிரிழை இறங்கும், வெயில் வந்ததும் பாதி திரும்பும், மீதி திரும்பாது. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு வாக்கியம் போதும். எல்லாரும் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள், மதியழகன் பெருமையோடு, "எங்க மேடம் ரெஜிஸ்டர் அப்படித்தான் சார்" என்றார், அவள் கையை நீட்டி ஒரு பிஸ்கட் எடுத்துத் தின்றாள். ஒன்றோடு நிற்கவில்லை. இன்னொன்றும் எடுத்தாள். அந்த இரண்டாவது பிஸ்கட்டைத்தான் அவளால் மூன்று மாசமாக விழுங்க முடியவில்லை, பசி எடுக்காமல் எப்படி எடுத்தாள், வாய் காலியாக இருந்தால் பேசிவிடுமோ என்றா, இனிப்பு நாக்கில் கரையக் கரைய ஒரு பொய் அங்கீகாரம் பெற்றுக்கொண்டிருந்தது, அவள் மென்றுகொண்டிருந்தாள்.

மேலே நீச்சல் குளம். கூரைக்கு மேல் இரும்புச் சட்டம் போட்டு, சட்டத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தெற்குச் சுவர் மேல் உட்காரும்படி, நூற்று நாற்பது டன் தண்ணீர். நூற்றைம்பது வருஷமாக இந்தச் சுவர் சுமந்தது ஒரு கூரையும் புறாக்களும்தான். கீழே இந்தக் கூடம் காலைச் சாப்பாட்டு அறையாம், வரைபடத்தில் வட்ட வட்டமாக மேஜை போட்டிருந்தது, ஜன்னலோரம் எட்டு மேஜை. யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருப்பாள், அது சாப்பிடாமல் மேலே பார்க்கும், பிள்ளைகள் எப்போதும் மேலேதான் பார்க்கும். இல்லை, உடனே விழுந்துவிடாது, சுவர் அப்படியெல்லாம் விழுகிற ஜாதி இல்லை, முதலில் சொல்லும், கதவு இறுகும், தரையில் கோடு விழும், யாராவது கவனிப்பார்கள். யார் கவனிப்பார்கள்? கோடு விழுந்தால் ஓட்டல்காரனும் பெயின்ட் அடிப்பான், விருந்தாளி வரும் இடத்தில் கோட்டை வைத்துக்கொண்டிருக்க முடியுமா, அவனுக்கும் ஒரு பெரிய அதிகாரி இருப்பார், சிவப்பு மை இருக்கும். சொல்கிறதற்கு என்று சுவரில் ஒட்டிய ஒரே பொருளின் வாயை இருபத்தாறு வருஷமாகப் பொத்தியவர்கள் இப்போது யாராவது கவனிப்பார்கள் என்று நம்புவது வெட்கக்கேடு. அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் நல்லதாக இருந்தது, முதுகு நிமிர்ந்தது.

காலையில் அடுப்படியில் கணவர் வைத்திலிங்கத்திடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாள். முப்பதாம் தேதி வழியனுப்பு விழாவுக்கு இரண்டு வேன் போதுமா, அவிநாசிச் சொந்தக்காரர்களும் வருவதாகச் சொல்கிறார்களே என்று கேட்டுக்கொண்டிருந்த மனுஷர், அப்படியே தட்டைக் கீழே வைத்துவிட்டார். முழுக்கக் கேட்டார். பிறகு, "இத்தன வருஷம் நின்னுது. இன்னும் அஞ்சு நாள் நிக்காதா, சுந்தரி?" என்றார். சுவரைப் பற்றிச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தாள், அவர் சொன்னது அவள் ஓய்வைப் பற்றி. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவர், பயத்தை அப்படித்தான் சொல்லத் தெரியும். அந்தப் பயம் அவளுக்கும் தெரிந்ததுதான், அதற்கு முகம்கூட உண்டு, செல்லமுத்துவின் முகம். பக்கத்துப் பிரிவில் வேலை பார்த்த செல்லமுத்துவுக்குக் கடைசி நாள் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மெமோ வந்தது, விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதி இல்லை. வேலையிலும் இல்லை, ஓய்விலும் இல்லை. மாலை வாங்கி வந்து மேஜை மேல் வைத்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் யாரோ அதை எடுத்து பீரோவுக்குள் வைத்தார்கள். மனைவி பட்டுப்புடவையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் மின்விசிறிக்குக் கீழே போய் நின்று தலையைக் காயவைப்பது போல மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு ஏழு வருஷம் அவர் கல்யாணம் காட்சிக்குப் போகவில்லை. குணசுந்தரியும் அவர் எதிரே வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போயிருக்கிறாள், என்ன பேசுவது என்று தெரியாமல். இனி அவளைப் பார்த்து மற்றவர்கள் மாறிப் போவார்கள். போகட்டும், தெரு அகலமாகத்தான் இருக்கிறது.

எழுந்தாள். எழுந்தது சுவரை நோக்கி. கை பைக்குள் போய்க் கண்ணாடியை எடுத்தது, செய்தித்தாளைப் பிரித்தது, ஓரம் கூராக இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தது, அவள் அதைத் தடுக்கவில்லை, எதுவரைக்கும் போகிறது பார்க்கலாம் என்று கூடவே போனாள். பிரஷ் பெயின்ட்டில் முங்கியது. ஒன்று, இரண்டு, புள்ளி, எட்டு, நடுவிலிருந்து தொடங்கி ஒரு சுற்றுக் கீழே ஒரு சுற்று மேலே. பாக்கியநாதனே வந்து போட்டது போல் அவ்வளவு அழகான எட்டு. கை நடுங்கக்கூட இல்லை. நடுங்கியிருந்தால் ஒருவேளை மனசு இளகியிருக்கும், பாவம் என்று தன்மேலேயே இரக்கம் வந்திருக்கும். நடுங்காத அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளுக்குக் குலை நடுங்கியது. முப்பதாம் தேதி மாலை போட்டு வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால் இந்தக் கையும் கூட வரும். பேத்திக்குச் சோறூட்டும், சாமி கும்பிடும். அவள் கண்ணாடியைக் குப்புறப் போட்டுவிட்டு மேஜைக்கு வந்தாள். ரெஜிஸ்டரைத் திறந்தாள். இந்த வருஷத்துக்கான கட்டம் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. உடைந்தது என்று எழுதினாள். கட்டம் முடிந்துவிட்டது. கட்டத்துக்கு வெளியே போய், பக்கத்தின் அடியில் இருந்த வெள்ளை இடத்தில், 1998 முதல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உடைந்தது, 2010 வரை ஆய்வு அதிகாரியின் எழுத்துமூல உத்தரவின்படி ஊழியர் ஒருவரால் மாற்றப்பட்டது, 2011 முதல் கீழே கையெழுத்திட்டுள்ள என்னால், காரணம் தெரிந்தே மாற்றப்பட்டது என்று எழுதினாள். பிறகு 2011லிருந்து வருஷம் வருஷமாக, எந்த மாசம், எத்தனை நாள் மழைக்குப் பின், எந்த இடத்தில் உடைந்தது என்று எழுத ஆரம்பித்தாள். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒன்றுகூட மறக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

பத்து ஐம்பத்தைந்துக்கு ரெஜினால்ட் வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு நேரே சுவரிடம்தான் போனார், அந்தச் சுவர்மேல் அவருக்கு ஒரு பிரியம். "அடடா, இது எப்ப உடைஞ்சுது மேடம்?"

"இந்த மழையில சார்."

"இருபத்தாறு வருஷம் தாங்கிட்டு இந்த வருஷமா உடையணும்?"

"வருஷா வருஷம் உடையும் சார். நாங்க மாத்திட்டு அதே தேதியைப் போட்டுடுவோம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. "எத்தன தடவ?" என்றார், ரகசியம் கேட்கிற குரலில்.

"இருபத்தாறு. அதுல பதிமூணு என் கையால. அடித்தளத்தைப் பலப்படுத்தாம மேல தண்ணி ஏத்தாதீங்க. ஆகஸ்டுலயே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு."

அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். கன்சல்டன்டைக் கூப்பிட்டு, குளத்து வேலை எதையும் தொடாதீங்க, எல்லாத்தையும் நிறுத்துங்க, காரணத்தை நேர்ல சொல்றேன் என்று சொன்னது கேட்டது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்கென்று சொன்ன நேரத்துக்கே, மதியழகன் ஃபைலோடு உள்ளே வந்தார், அவளைவிடப் பதினெட்டு வயது சின்னவர், நல்ல பையன் என்றுதான் ஆபீசில் பெயர். ரெஜிஸ்டரைக் குனிந்து படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"மேடம்," என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "இந்தப் பக்கத்தை நான் பாக்கலன்னு வச்சுக்குவோம். ரெஜிஸ்டர் மழையில நனைஞ்சு போச்சுன்னு எழுதிக்கலாம். நானும் மூணு வருஷம் இதுல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீங்க ரெஜிஸ்டரைப் பாத்துப் போட்டீங்க சார். நான் சுவத்தைப் பாத்துட்டுப் போட்டேன். அதையும் எழுதியிருக்கேன், மேல மூணாவது வரி."

அவர் மூன்றாவது வரியைத் தேடிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். "முப்பதாம் தேதி உங்களுக்கு மாலை போட என்னால முடியாது மேடம். மேல அனுப்பினா அன்னிக்கே ஆர்டர் வந்துடும். தெரிஞ்சுதான் எழுதறீங்களா?"

"தெரியும் சார்," என்றாள் குணசுந்தரி. பேனாவை மறுபடி எடுத்தாள். "இந்தப் பக்கம் தீந்துபோச்சு, இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கு. ஒரு தாள் குடுங்க."

மதியழகன் ஃபைலைத் திறந்து, ஒரு தாளை உருவிக் கொடுத்தார்.